ஒட்டுசுட்டான் வீட்டுக் கமராவைப் பாதுகாப்பாய் வெளிநாட்டில இருந்து பார்க்க வழி?

வணக்கம் உறவுகளே. ஒட்டுசுட்டானில அம்மம்மாவும் சித்தியும் மட்டும் இருக்கிற வீட்டுக்கு நாலு கமரா பூட்டியிருக்கு. கனடாவில இருக்கிற மாமாவும் பார்க்கவேணுமாம். அங்க வயர் லைன் இல்லை, சிம் போட்ட 4ஜி றவுட்டர்தான்.

பூட்டின தம்பி, கொம்பனி குடுத்த பாஸ்வேர்டை அப்பிடியே விட்டிட்டுப் போயிட்டார். அதை மாத்தி, ஃபேர்ம்வெயரை (கமராவுக்குள்ள இருக்கிற மென்பொருள்) புதுப்பிச்சு, றவுட்டரில யுபிஎன்பியையும் (உள்ளுக்க இருக்கிற கருவியள் கேட்டவுடன வெளியில இருந்து வர வழி திறந்து விடுற வசதி) நிப்பாட்டியாச்சு. 2016இல மிராய் எண்ட மல்வெயர் இப்பிடி மாத்தாத பாஸ்வேர்ட் இருந்த கமராக்களைத்தான் ஆயிரக்கணக்கில பிடிச்சது. எனக்கு அதைவிடப் பெரிய பயம், ஒரு கமராவில கிணத்தடி தெரியுறது. பெம்பிளையள் குளிக்கிற இடம். அதை உடன திருப்பச் சொல்லிட்டன். எண்டாலும் முற்றமும் வாசலும் முன்பின் தெரியாதவனுக்குத் தெரியக்கூடாது.

போர்ட் ஃபோர்வேர்ட் செய்யச் சொல்லுறாங்கள், அதாவது வெளியில இருந்து வாறதை றவுட்டர் நேர ரெக்கோடருக்கு (கமராப் படத்தைப் பதியிற பெட்டி) அனுப்பிற மாதிரி வைக்கிறது. எனக்கு விருப்பமில்லை, பொது ஐபி (வெளியில இருந்து நேர வரக்கூடிய இன்ரநெட் முகவரி) கிடைக்காத சிம்மில அது வேலையும் செய்யாது. ரெக்கோடரை நேர இன்ரநெட்டுக்கு விடாமல், ராஸ்பெரி பை எண்ட சின்னக் கணினியில டெய்ல்ஸ்கேல் (எங்கட கருவியளை மட்டும் இணைக்கிற விபிஎன், அதாவது பூட்டின தனி வழி) போட்டு அதுக்குள்ளால மட்டும் பார்க்க யோசிக்கிறன். வன்னியில 4ஜியில ஆராவது இப்பிடிச் செய்திருக்கிறீங்களா? பின்னேரம் சிக்னல் குறையேக்க படம் நிண்டு போகுமா?

1 எம்பிபிஎஸ் படம் நாள் முழுக்கப் போனால் கிட்டத்தட்ட 11 ஜிபி டேட்டா முடியும். அதால பதிவு ஹார்ட் டிஸ்கிலதான். மாமா தேவைக்கு மட்டும் திறப்பார். கரண்ட் போனால் றவுட்டரும் ரெக்கோடரும் ரெண்டு மணித்தியாலம் தாங்க எந்த அளவு யுபிஎஸ் வேணும்? மாங்குளம், புதுக்குடியிருப்புப் பக்கம் இதைச் செய்த அண்ணாமார், அக்காமார் ஆரும் இருந்தால் கீழ எழுதுங்கோ.