ஐடிஏ (அப்ளை பண்ணச் சொல்ற அழைப்பு) வந்துருச்சு, ஆனா பேர் ஒவ்வொரு பேப்பர்லயும் ஒவ்வொரு மாதிரி இருக்கு, ஹெல்ப் ப்ளீஸ் (கனடா பிஆர், நர்ஸ்)

ஐசியு_மதுரை

எல்லாருக்கும் வணக்கம். நான் மதுரைல ஸ்டாஃப் நர்ஸ், பிஎஸ்சி நர்சிங், இப்ப ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரில ஐசியு. எக்ஸ்பிரஸ் என்ட்ரில (கனடால நிரந்தரமா தங்குற பிஆருக்கு ஆள் எடுக்குற ஆன்லைன் முறை) ஹெல்த்கேர் கேட்டகரி டிரால ஐடிஏ வந்துருச்சு. ஈசிஏ (நம்ம படிப்பு கனடா படிப்புக்கு சமம்னு தர்ற ரிப்போர்ட்), ஐஇஎல்டிஎஸ் எல்லாம் முன்னாடியே முடிஞ்சது. 60 நாளுக்குள்ள மொத்த டாக்குமென்ட்டும் ஏத்தி சப்மிட் பண்ணனும், சந்தோஷமா இருந்தது கொஞ்ச நேரந்தான், செக்லிஸ்ட்ட தொறந்ததுல இருந்து தலை சுத்துது.

முதல்ல பேர். பேர மாத்தி சொல்றேன், மலர்விழின்னு வச்சுக்கங்க. பத்தாவது மார்க்ஷீட்ல இருந்து டிகிரி, நர்சிங் கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷன் வரைக்கும் எல்லாத்துலயும் "மலர்விழி பி". அப்பா பேர் பாண்டி. பழைய பாஸ்போர்ட்ல சர்நேம் பாண்டி, அந்த பாஸ்போர்ட்லதான் 2017ல இருந்து 2019 வரைக்கும் ஓமன்ல வேல பாத்தேன். கல்யாணம் ஆகி ரினியூ பண்ணப்ப சர்நேம் அவர் பேர் ஆயிருச்சு, மலர்விழி சுரேஷ். ஆதார்ல இனிஷியலே கிடையாது. பேங்க்ல எஸ்.மலர்விழி. பையன் பர்த் சர்டிஃபிகேட்ல அம்மா பேருன்னு வெறும் மலர்விழி. இங்க ஒரு ஏஜென்ட்ட கேட்டா கெசட்ல பேர மாத்திட்டு எல்லா சர்டிஃபிகேட்டும் திருத்தணும்மா, இல்லாட்டி ரிஜெக்ட்டுங்கிறாரு, அதுக்கு ஒரு ரேட்டும் சொல்றாரு.

ரெண்டாவது எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர். ஆஸ்பத்திரி எச்ஆர் குடுக்குறது நாலே வரி. இந்த தேதில இருந்து ஸ்டாஃப் நர்ஸா இருக்காங்க, நல்ல நடத்தை, வாழ்த்துக்கள், அவ்ளோதான். டியூட்டீஸ் போட்டு குடுங்கன்னா எங்க பாலிசில இல்லங்கிறாங்க.

மூணாவது காசு, அங்க போய் செட்டில் ஆக கைல இருக்குன்னு காட்ட வேண்டியது. எங்க ஜாயின்ட் அக்கவுன்ட்ல கொஞ்சம் இருக்கு, அப்பா மனை வித்த காச போன மாசந்தான் போட்டாரு. பத்தாட்டி நகைய காட்டலாமா, இல்ல நகைக்கடன் வாங்கி போட்டு வச்சிக்கலாமான்னு வீட்ல கேக்குறாங்க.

மேரேஜ் சர்டிஃபிகேட் தமிழ்லதான் இருக்கு. எங்க சித்தப்பா காலேஜ்ல இங்கிலீஷ் புரொஃபசர், அவர விட்டே டிரான்ஸ்லேட் பண்ணிக்கலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வின்னிபெக்_சிஸ்டர்

வாழ்த்துக்கள் மா. நானும் நர்ஸ்தான், சேலத்துல இருந்து வந்தவ, இப்ப மானிடோபா.

அந்த ஏஜென்ட்டுக்கு மொதல்ல ஒரு கும்பிடு போட்டு அனுப்பி விட்ருங்க. கெசட் எதுக்கு? இப்ப போய் பேர மாத்துனா பாஸ்போர்ட் ஒரு பேரு, ஐஇஎல்டிஎஸ் ஒரு பேரு, ஈசிஏ ஒரு பேருன்னு இருக்குற குழப்பம் இன்னும் பெருசாகும், 60 நாள்ல அதெல்லாம் திருத்தவும் முடியாது. காசு குடுத்து ஒரு அப்ளிகேஷன் ப்ராசஸ் பண்ண விடணும்னா அவங்க கனடால லைசென்ஸ் உள்ள கன்சல்டன்ட்டாவோ வக்கீலாவோ இருக்கணும், உங்க ஊர் ஏஜென்ட்ட ஆர்சிஐசி நம்பர் (அந்த கன்சல்டன்ட் லைசென்ஸ் நம்பர்) என்னன்னு மட்டும் கேளுங்க, அப்புறம் அவரே ஃபோன் எடுக்க மாட்டாரு.

ஃபார்ம்ல பேர் எப்பவுமே இப்ப உள்ள பாஸ்போர்ட்ல இருக்குற மாதிரி அப்படியே. வேற பேர் எதாவது யூஸ் பண்ணிருக்கீங்களான்னு ஒரு கேள்வி வரும், அங்க ஆமான்னு போட்டு மலர்விழி பாண்டின்னு குடுங்க, நிறைய பேர் அங்கதான் இல்லன்னு தட்டி விட்டுட்டு பின்னாடி ஓமன் போலீஸ் சர்டிஃபிகேட் வேற பேர்ல வந்து முழிக்கிறாங்க. அப்புறம் உங்க பாஸ்போர்ட்ட எடுத்து கடைசி பக்கத்த பாருங்க, அப்பா பேர், அம்மா பேர், கணவர் பேர் மூணும் வரிசையா அச்சாகி இருக்கும், பழைய பாஸ்போர்ட் நம்பரும் அதுலயே இருக்கும். உங்க டிகிரில இருக்குற "பி" யாருன்னு அந்த ஒரு பக்கமே சொல்லிரும். எல்லாரும் ஃபோட்டோ உள்ள பக்கத்த மட்டும் ஸ்கேன் பண்ணிட்டு விட்றாங்க. பழைய பாஸ்போர்ட், புதுசு, மேரேஜ் சர்டிஃபிகேட் மூணையும் சேத்து வச்சு, ஒரு பக்கத்துக்கு லெட்டர் ஆஃப் எக்ஸ்பிளனேஷன் எழுதுங்க. தமிழ்நாட்டுல குடும்பப் பேர்னு ஒண்ணு வைக்கிற வழக்கம் இல்ல, அப்பா பேரோட மொத எழுத்துதான் இனிஷியல், கல்யாணத்துக்கு அப்புறம் பாஸ்போர்ட்ல கணவர் பேர் சர்நேம் ஆச்சு, பேங்க்ல "எஸ்" அதனாலதான், இந்த பேரெல்லாம் நான் ஒருத்திதான்னு. அழகா எழுதணும்னு இல்ல, எந்த பேப்பர்ல எந்த பேருன்னு தெளிவா இருந்தா போதும். வேணும்னா நோட்டரிட்ட ஒரு அஃபிடவிட் போட்டு பின்னாடி வைங்க.

லெட்டர் விஷயந்தான் எனக்கு பயம். ஐஆர்சிசி (கனடா குடியேற்றத் துறை) கேக்குறது லெட்டர்ஹெட், ஆஸ்பத்திரி அட்ரஸ் ஃபோன் ஈமெயில், உங்க சூப்பர்வைசரோ எச்ஆரோ கையெழுத்து, பதவி, தேதி, வாரத்துக்கு எத்தன மணி நேரம், வருஷ சம்பளம் அதோட மத்த பெனிஃபிட்ஸ், அப்புறம் டியூட்டீஸ். டியூட்டீஸ் இல்லாத லெட்டர வச்சு நீங்க நர்ஸா நர்ஸ் எய்டான்னு ஆபீசர் எப்படி முடிவு பண்ணுவாரு? ரெஜிஸ்டர்ட் நர்ஸ் என்ஓசி (கனடால ஒவ்வொரு வேலைக்கும் உள்ள கோடு நம்பர்) 31301, எய்டு 33102, ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசமே அந்த டியூட்டீஸ்தான். அதுக்காக என்ஓசி பக்கத்துல இருக்குறத காப்பி பேஸ்ட் பண்ணாதீங்க, பாத்த உடனே தெரிஞ்சிரும். நெஜமா செய்யறத எழுதுங்க: வென்டிலேட்டர் பேஷன்ட்டுக்கு மணிக்கு ஒருதரம் வைட்டல்ஸ் பாத்து சார்ட் போடறது, ஏபிஜி (ரத்த வாயு டெஸ்ட்) எடுக்கறது, டாக்டர் ஆர்டர் படி இன்ஃப்யூஷன் பம்ப்ல டோஸ் மாத்தறது, பேஷன்ட் கண்டிஷன் இறங்கினா கூப்பிட்டு சொல்றது, ஷிஃப்ட் ஹேண்ட்ஓவர், புதுசா வந்த பிள்ளைங்களுக்கு சொல்லிக் குடுக்கறது. ஆறு நாள் எட்டு மணி நேரம்னா 48னு போடுங்க, ஃபுல் டைம்னு மட்டும் போட்டா பத்தாது.

எச்ஆர் அசையலன்னா நர்சிங் சூப்பரின்டென்டென்ட்ட பிடிங்க. உங்க சூப்பர்வைசர் அவங்கதான, லெட்டர்ஹெட்ல அவங்க கையெழுத்து போட்டா செல்லும். அதுக்கும் விடலன்னா அவங்க தனியா ஒரு டிக்ளரேஷன் எழுதி நோட்டரி பண்ணட்டும், கூட எச்ஆரோட நாலு வரி லெட்டர், சம்பள ஸ்லிப், சம்பளம் ஏறுன பேங்க் ஸ்டேட்மென்ட், பிஎஃப் பாஸ்புக், ஃபார்ம் 16, அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், கூடவே எச்ஆர்கிட்ட டியூட்டீஸ் கேட்டு நீங்க போட்ட மெயில். வாய்ல கேக்காதீங்க, இன்னைக்கே மெயில் போடுங்க, அவங்க முடியாதுன்னு சொன்னாலும் அந்த மெயிலே உங்களுக்கு ஒரு டாக்குமென்ட்.

ஸ்காபரோ_மாமா

தங்கச்சி, சித்தப்பாட்ட குடுக்காதேங்கோ. அவர் எவ்வளவு படிச்ச மனுசனா இருந்தாலும் சொந்தக்காரர் மொழிபெயர்த்தா ஐஆர்சிசி எடுக்காது, அண்ணன் தங்கச்சி மாமா சித்தப்பா ஒருத்தரும் ஏலாது எண்டு அவையே எழுதி வச்சிருக்கினம். வெளியாள் ஒருத்தரிட்ட குடுத்து, அவர் தனக்கு ரெண்டு பாசையும் வடிவா தெரியும், இது சரியான மொழிபெயர்ப்பு எண்டு நோட்டரிக்கு முன்னால அஃபிடவிட் போடோணும். தமிழ்ல இருக்கிற ஒரிஜினலின்ர சர்டிஃபைட் கொப்பியும் சேத்து ஒரே ஃபைலா ஏத்துங்கோ. முத்திரை, ஓரத்தில கிறுக்கின எழுத்து எல்லாம் மொழிபெயர்க்கோணும், ரெஜிஸ்திராற்ற சீலில இருக்கிறதையும் விடக்கூடாது. என்ர மருமகனுக்கு இந்த சீல் எழுத்தாலதான் திருப்பி கேட்டவை.

ஓமன் பொலிஸ் சர்டிஃபிகேட்ட இண்டைக்கே தொடங்குங்கோ. பத்து வருசத்துக்குள்ள ஒரு நாட்டில தொடர்ந்து ஆறு மாசம் இருந்தா கட்டாயம் வேணும். அங்கயிருந்து வெளிக்கிட்ட பிறகு எடுத்ததா இருக்கோணும், வேலைய விடேக்க எடுத்து வச்சிருக்கிறன் எண்டு பழசத் தூக்கிக் குடுக்கேலாது. எப்பிடி எடுக்கிறது எண்டு ஐஆர்சிசி தளத்திலயே நாடு நாடா போட்டிருக்கு, ஏஜென்ட்மாரின்ர கதைய விட்டுட்டு அத வாசியுங்கோ.

நெல்லை_பேங்க்காரன்

காசு மேட்டருக்கு மட்டும் நான் பதில் சொல்றேன், கவுன்ட்டருக்கு வாரம் ஒருத்தராவது இதே லெட்டர் கேட்டு வர்றாங்க.

நகை கணக்குல வராது. நகைக்கடன் வாங்கி போட்றது சுத்தமா ஆகாது, கடன் வாங்குன காச காட்டக்கூடாதுன்னே ரூல். வீடு இருக்கு அதோட மதிப்பு இவ்ளோன்னு காட்டுனாலும் வேலைக்கு ஆகாது. ஆடிட்டர்ட்ட பணம் கட்டி நெட்வொர்த் சர்டிஃபிகேட் வாங்கிட்டு வர்றவங்கள பாத்தா பாவமா இருக்கும், இதுல அது யாரும் கேக்காத பேப்பர். மூணு பேர் குடும்பத்துக்கு 2025 ஜூலைல மாத்துன கணக்குப்படி 23,360 கனடா டாலர், வருஷா வருஷம் மாத்துவாங்க அதனால ஏத்துற அன்னைக்கு தளத்துல பாத்துக்கங்க, டாலர் ரேட் ஏறி இறங்கும்ங்கறதுனால கொஞ்சம் கூடவே வச்சிருங்க. அப்ளை பண்றப்ப மட்டும் இல்ல, பிஆர் குடுக்குற வரைக்கும் அந்த காசு இருக்கணும்.

பேங்க் லெட்டர்னா எங்காளுங்க பாதி பேர் பேலன்ஸ் சர்டிஃபிகேட்ட பிரின்ட் எடுத்து நீட்டிருவாங்க. அது பத்தாது. அக்கவுன்ட் நம்பர், ஓப்பன் பண்ண தேதி, இன்னைக்கு பேலன்ஸ், ஆறு மாச ஆவரேஜ் பேலன்ஸ், உங்க பேர்ல உள்ள லோன், கிரெடிட் கார்டு பாக்கி, பேங்க் அட்ரஸ் ஃபோன் ஈமெயில் இவ்ளோவும் லெட்டர்ஹெட்ல வேணும். "எங்க ஃபார்மட்ல ஆவரேஜுக்கு கட்டமே இல்லம்மா" அப்டிம்பாங்க. சண்ட போடாதீங்க, நீங்களே டைப் பண்ணி பென் டிரைவ்ல கொண்டு போங்க, மேனேஜர் மத்தியானத்துக்கு மேல கொஞ்சம் ஃப்ரீயா இருப்பாரு அப்ப போங்க. ஆறு மாச ஸ்டேட்மென்ட்ல பக்கத்துக்கு பக்கம் சீல் வாங்கிக்கங்க. லோன மறைக்காதீங்க, லோன் இருந்தா ரிஜெக்ட்னு ஒண்ணும் இல்ல, மறைச்சாதான் வம்பு.

அப்பா போட்ட காசு போன மாசந்தானே வந்துச்சு, அப்ப ஆபீசர் கண்ணு மொதல்ல அதுலதான் போகும். அப்பா கையெழுத்து போட்ட கிஃப்ட் டீட் (திருப்பித் தர வேண்டியதில்லன்னு வார்த்தை இருக்கணும்), மனை வித்த கிரயப் பத்திர நகல், வாங்குனவர்ட்ட இருந்து அப்பா அக்கவுன்ட்டுக்கு வந்து அங்கிருந்து உங்களுக்கு வந்த ஸ்டேட்மென்ட், இந்த மூணும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டணும். வித்ததுல பாதி கைல வாங்கிருந்தா அந்த பாதிய மறந்துருங்க, கிரயத்துல இல்லாத காசுக்கு கத சொல்ல முடியாது.

குமரி_கடல்

இவ்ளோ கஷ்டம் எதுக்கு, நாகர்கோவில்ல ஒருத்தர் ஆஸ்பத்திரி லெட்டர் டியூட்டீஸோட ரெடியா குடுக்குறாரு, ஃபோன் வந்தாலும் அவங்களே பேசிக்குவாங்க. என் ஃப்ரெண்டு அப்படித்தான் போட்ருக்கான்.

வின்னிபெக்_சிஸ்டர்

@குமரி_கடல் உங்க ஃப்ரெண்டுக்கு பிஆர் வந்துருச்சா, போட்ருக்கானா? மிஸ்ரெப்ரசன்டேஷன்னு (பொய்த் தகவல் குடுத்தாங்கன்னு) மாட்டுனா அஞ்சு வருஷம் கனடா பக்கமே போக முடியாது, பிஆருக்கும் அப்ளை பண்ண முடியாது. நெஜமாவே ஐசியுல ராத்திரி பகலா நின்ன பொண்ணுக்கு போலி லெட்டர் எதுக்குங்க, அவங்களுக்கு வேண்டியது ஒரு கையெழுத்து.

ஐசியு_மதுரை

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. போலி லெட்டர் எல்லாம் வேணாம், பயம். சூப்பரின்டென்டென்ட் மேடம்ட்ட பேசிட்டேன், டியூட்டீஸ் எழுதிட்டு வா எச்ஆர்ட்ட நானே சொல்றேன்னு சொல்லிருக்காங்க. அப்பா நல்லவேளை மொத்தமும் செக்காத்தான் வாங்கிருக்காரு. சித்தப்பாட்ட இனிமேதான் சொல்லணும், கோச்சுக்குவாரு 😅

இன்னும் ரெண்டு டவுட். மெடிக்கல் அவங்க கேட்டப்புறம் போனா போதும்னு ஒரு வீடியோல பாத்தேன், சரியா? ஓமன் சர்டிஃபிகேட் 60 நாளுக்குள்ள வரலன்னா என்ன பண்றது?

வின்னிபெக்_சிஸ்டர்

அது பழைய வீடியோ. 2025 ஆகஸ்ட் 21ல இருந்து எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு மெடிக்கல் முன்னாடியே எடுத்து அந்த ஷீட்ட அப்ளிகேஷனோட ஏத்தணும். பேனல் டாக்டர் (ஐஆர்சிசி அங்கீகரிச்ச டாக்டர்) லிஸ்ட்ல இருக்குறவங்ககிட்டதான் போகணும், உங்க ஆஸ்பத்திரி டாக்டர் எழுதிக் குடுத்தா செல்லாது, லிஸ்ட்ட பாத்து அப்பாயின்ட்மென்ட் இப்பவே போடுங்க. பையனுக்கும் உண்டு, உங்க வீட்டுக்காரருக்கும் உண்டு. பாஸ்போர்ட் ஒரிஜினல், கண்ணாடி போட்டா கண்ணாடி, ஏற்கனவே எதுக்காவது மருந்து எடுத்தா அந்த ரிப்போர்ட் எல்லாம் கொண்டு போங்க.

இந்தியா பிசிசி (இங்க உள்ள போலீஸ் சர்டிஃபிகேட்) உங்களுக்கும் அவருக்கும் பாஸ்போர்ட் சேவால போடுங்க, 500 ரூபா. இப்ப இருக்குற வீடும் பாஸ்போர்ட் அட்ரஸும் வேறன்னா ஸ்டேஷன்ல வெரிஃபிகேஷனுக்கு கூப்பிடுவாங்க, வாடகை அக்ரிமென்ட் கைல வச்சுக்கங்க. இப்ப இருக்குற நாட்டு சர்டிஃபிகேட் சப்மிட் பண்ற தேதிக்கு ஆறு மாசத்துக்குள்ள எடுத்ததா இருக்கணும், அதனால இப்ப எடுக்குறது சரியான நேரந்தான்.

ஓமன் வரலன்னா நீங்க அப்ளை பண்ணதுக்கான ரசீது, அவங்களோட போட்ட மெயில் எல்லாத்தையும் ஒரு எக்ஸ்பிளனேஷன் லெட்டரோட அந்த போலீஸ் சர்டிஃபிகேட் இடத்துல ஏத்துங்க, அந்த இடத்த காலியா விட்டு சப்மிட் பண்ணாதீங்க. ஒவ்வொரு ஃபைலும் 4 எம்பிக்குள்ள இருக்கணும், கிஃப்ட் டீட், கிரயம், ஸ்டேட்மென்ட் எல்லாம் ஒரே இடத்துல போகணும்ங்கறதால கருப்பு வெள்ளைல ஸ்கேன் பண்ணி ஒரே பிடிஎஃப்பா சேருங்க, சீல் எழுத்து படிக்க முடியுதான்னு பெருசு பண்ணி பாத்துட்டு ஏத்துங்க. டியூட்டீஸ் டிராஃப்ட் எழுதுனதும் ஆஸ்பத்திரி பேரு உங்க பேரு எல்லாம் எடுத்துட்டு இங்க போடுங்க, நைட் டியூட்டி முடிஞ்சு வந்து பாத்து சொல்றேன்.