டர்ட்டிலில் வெசாக் கூடு: எண்கோணி வர வேண்டிய இடத்தில் நட்சத்திரம் வருகிறது

வெள்ளவத்தை அம்மா:
மகன் தரம் 9. கீழ்வீட்டு அன்ரிக்குக் காட்ட, கொம்பியூட்டரில் ஒரு வெசாக் கூடு, அதாவது வெசாக் பண்டிகைக்குத் தொங்கவிடும் கடதாசி விளக்கு, வரைய ஆசைப்படுகிறான். பைத்தன் நிரல்மொழியில் டர்ட்டில் பாவிக்கிறோம்; நாங்கள் கொடுக்கும் கட்டளைப்படி திரையில் ஒரு ஆமை நகர்ந்து கோடு கீறும். கூட்டின் முகம் எண்கோணி. ஒழுங்கான எண்கோணியின் அகக்கோணம் 135 பாகை என்று அவனுடைய கணிதப் புத்தகத்தில் இருக்கிறது. அதையே கொடுத்தோம்:

ஃபோர் ஐ இன் ரேஞ்ச்(8):
    ஃபோர்வர்ட்(100)
    ரைட்(135)

எட்டு முனை நட்சத்திரம்தான் வருகிறது. செம்மஞ்சளுக்கு சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் 255, 140, 0 கொடுத்தால் "பேட் கலர் சீக்வன்ஸ்" என்று சிவப்பில் திட்டுகிறது. இரண்டு இரவாக இதோடு இருக்கிறோம்.

கொட்டாஞ்சேனை ரியூசன் அண்ணா:
அக்கா, புத்தகம் சரி. ஆனால் ஆமைக்கு அகக்கோணம் தேவையில்லை, மூலையில் எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதுதான் தேவை. மகனை எழுப்பி ஹோலில் நடக்கச் சொல்லுங்கள். நேராக நாலு அடி, கொஞ்சம் திரும்பல், திரும்ப நாலு அடி. எட்டு மூலையும் முடிந்து தொடங்கிய பக்கமே பார்த்து நிற்கும்போது ஒரு முழுச் சுற்று, 360 பாகை, திரும்பியிருப்பான். எட்டால் பிரித்தால் 45. அதுதான் புறக்கோணம். 135ஐ எட்டுத் தரம் திரும்பினால் 1080, அதாவது மூன்று சுற்று. கோடுகள் ஒன்றையொன்று வெட்டி நட்சத்திரம் ஆனது அதனால்தான். 1967இல் பிள்ளைகளுக்கான லோகோ நிரல்மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான செய்மோர் பேப்பர்ட், பிள்ளைகள் தாங்களே ஆமையாகி நடந்து கேத்திரகணிதம் படிக்க வேண்டும் என்று விரும்பினார். நானும் வகுப்பில் முதலில் நடக்கத்தான் விடுவேன்.

அந்த நட்சத்திரத்தை அழிக்க வேண்டாம். இன்னொரு கூட்டுக்கு நன்றாக இருக்கும். ஒன்று மட்டும்: கோடுகள் வெட்டும் உருவத்துக்கு நிறம் நிரப்பினால் சில கொம்பியூட்டரில் நடுவில் வெள்ளை விடும்.

தெமட்டகொடை மாணவி:
நிறம் பற்றி நான் சொல்கிறேன் அன்ரி. டர்ட்டில் வழக்கமாக 0 முதல் 1 வரையான எண்களைத்தான் எடுக்கும். முதலில் கலர்மோட்(255) என்று ஒரு வரி போடுங்கள், அப்போது 255 வரையான எண்களை எடுக்கும். ஆமைக்கு நீங்கள் தனிப்பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயரோடு இதைச் சேர்க்காதீர்கள், இது திரைக்கான கட்டளை. அப்புறம் வரையத் தொடங்க முன் பிகின் ஃபில், முடிந்ததும் எண்ட் ஃபில். இரண்டு சொல்லுக்கும் நடுவில் கீழ்க்கோடு வரும். எண்ட் ஃபில்லை மறந்தால் வெறும் கோடுதான் தெரியும்.

வெள்ளவத்தை அம்மா:
வந்துவிட்டது! எண்கோணி, செம்மஞ்சள், இரண்டும் சரி. ஹோலில் நடந்து, 45 என்று அவனே சொன்னான். இப்போது கீழே தொங்கும் ரிசுக் கடதாசி வால்கள் நாலும் ஒரே கோட்டால் இணைந்து வருகின்றன.

தெமட்டகொடை மாணவி:
ஒரு வால் முடிந்ததும் பென்அப், அடுத்த இடத்துக்குப் போனதும் பென்டவுன். பேனையைத் தூக்காமல் போனால் ஆமை போகிற வழியெல்லாம் கீறும்.