வரப்பெல்லாம் பாதையா? ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் கிராமத்து வழிகள்

மதகடி: யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடம்தான் ஓபன்ஸ்ட்ரீட்மேப். அதற்காகச் செயற்கைக்கோள் படத்தில் தெரிகிற கோடுகளையெல்லாம் ‘ஹைவே=பாத்’ (நடைபாதை) என்று குறிச்சொல் போட்டு வரைந்து தள்ளுவதை நிறுத்துங்கள். கோடையில் வற்றிய ஏரிக்குள் டிராக்டர் போன தடம் படத்தில் பளிச்சென்று தெரியும். ஐப்பசியில் அங்கே தண்ணீர் நிற்கும். வரப்பும் அப்படித்தான், அண்டை வெட்டினால் ஒரு சாணாகிவிடும். கல் நட்டு விற்கிற மனைப்பிரிவுகள் இன்னும் மோசம். கருவேலம் மண்டிய இடத்தில் பத்து ‘ரெசிடென்ஷியல்’ தெரு!

கோடுபோடி: ஆள் நடந்து பார்த்த பிறகுதான் வரையணும்னா பாதி மாவட்டம் வெள்ளையாவே கிடக்கும்ணே. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துல தெருக்கள் ஏற்கெனவே வரைபடத்துல இருந்ததாலதான், தண்ணி நிக்கிற தெருவைச் சனங்க குறிக்க முடிஞ்சது. முதல்ல கோடு இருக்கட்டும், தப்பைப் பிறகு திருத்தலாம்.

மதகடி: சென்னைத் தெருவும் ஏரிக்கரையும் ஒன்றா? அங்கே திருத்த ஆயிரம் பேர். இங்கே போட்ட கோடு பல வருடம் அப்படியே கிடக்கும்.

ஜோஸ்ம்தாசன்: ரெண்டு பேரும் செயற்கைக்கோள் படம் உண்மையான இடத்திலிருந்து நகர்ந்திருப்பதை மறந்துட்டீங்க. கோடு வாய்க்காலுக்குள் இறங்கி நடப்பது பெரும்பாலும் அதனால்தான். திறந்தவெளியில் கைப்பேசி ஜிபிஎஸ் ஏறக்குறைய 5 மீட்டர் பிசகும். நடந்தபோது ஜிபிஎஸ் பதிஞ்ச ஒரே தடத்தை நம்பிப் படத்தை நகர்த்தாதீங்க. நேரான சாலையில் மூணு நாலு தடம் எடுத்து, நடுவாகப் போகிற கோட்டுக்குப் படத்தைப் பொருத்துங்க. ஒடுக்கமான சந்தில் எடுத்த தடம் இதுக்கு ஆகாது. சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி, நீங்க பக்கத்து வீட்டு அடுப்படியில் நடந்ததா காட்டும்.

அப்புறம், ஊரையும் ஊரையும் இணைக்கிற சிறு சாலைக்கு ‘அன்கிளாசிஃபைட்’னு குறிச்சொல். பேரைப் பார்த்து ‘வகை தெரியாதது’ என்று நினைக்கிறவங்கதான் அதிகம்.

கோடுபோடி: சரி, கரைமேல பைக் போகுது, கார் போகாது. அதுக்கு?

ஜோஸ்ம்தாசன்: ‘பாத்’, கூடவே ‘மோட்டார்சைக்கிள்=யெஸ்’, அளந்திருந்தால் அகலத்துக்கு ‘வித்’. டிராக்டர் போகிற அகலம்னா ‘டிராக்’. சந்திப்பில் ரெண்டு கோடும் ஒரே புள்ளியில் உண்மையிலேயே ஒட்டியிருக்கணும். கண்ணுக்குத் தொட்டமாதிரி இருந்தும் இணையாமல் விட்டால் வழிகாட்டும் செயலி ஊரைச் சுத்தவிடும். வரைபடத்தைத் திருத்துகிற ஜோஸ்ம் மென்பொருளில் ‘ஜே’ விசை இணைச்சுடும்.

மதகடி: ஒட்டுவதில்தான் வம்பே. வாய்க்காலுக்கு இரண்டு பக்கமும் பாதை தெரியும். நடுவில் பனந்தண்டு கிடக்கிறதா இல்லையா என்பதைப் படம் சொல்லாது, மர நிழல் மறைக்கும். நீங்கள் ஒட்டினால் செயலி ஒருவரைத் தண்ணீர் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் விடும்.

கோடுபோடி: அப்ப ரெண்டு கரையிலயும் நிறுத்தி, ‘ஃபிக்ஸ்மீ=கடக்க வழி உண்டா’ன்னு பின்னாடி வர்றவங்க சரிபார்க்கக் குறிப்பு போட்டுடறேன். மனைப்பிரிவுத் தெருவையும் கட்டடம் வர்றவரைக்கும் தொடலை. ஏரிக்குள்ள தெரியற தடமும் வேணாம். போதுமா?

மதகடி: ஃபிக்ஸ்மீயை யார் படிக்கிறார்கள்? முனை பக்கத்துக் கோட்டுக்கு அருகில் இணையாமல் நிற்கிறது என்று ஜோஸ்ம் எச்சரிக்கும். அடுத்து வருகிறவர் எச்சரிக்கையை ஒழிக்க இழுத்து ஒட்டிவிட்டுப் போவார்.

ஜோஸ்ம்தாசன்: கடைசிப் புள்ளியில் ‘நோஎக்ஸிட்=யெஸ்’ போட்டால் அந்த எச்சரிக்கை வராது. ஆனால் அதுக்கு மேல் வழி இல்லைன்னு உறுதியாத் தெரிஞ்சால்தான் அதைப் போடலாம்.

மதகடி: அதாவது, போய்ப் பார்த்தால்.

கோடுபோடி: சரிண்ணே, அந்த ஒரு புள்ளிக்கு மட்டும்.