முந்திரி ஓட்டெண்ணெய்: மருந்தா, பிரேக் லைனிங்கா?

பட்டைச்சாறு: "மூலிகை என்றாலே ஏமாற்று" என்று நேற்று ஒருவர் எழுதிவிட்டுப் போனதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. முந்திரி மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டைக் கஷாயம் வயிற்றுப்போக்குக்கு, இலை சர்க்கரைக்கு, கொட்டை வறுக்கும்போது வடிகிற ஓட்டெண்ணெய் பாத வெடிப்புக்கும் மருவுக்கும். அதிலுள்ள அனகார்டிக் அமிலம், பல்லைச் சொத்தையாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் கிருமியை அடக்குவதை ஆய்வுக்கூடத்திலேயே காட்டியிருக்கிறார்கள். இதுவும் ஏமாற்றா?

சோதனைக்குழாய்: வறுக்கும்போது வடிகிற எண்ணெயில் அந்த அமிலம் எங்கே இருக்கிறது? சூடேறினால் அது கார்பன் டை ஆக்சைடை விட்டுவிட்டு கார்டனால் என்ற வேறொரு பொருளாகிவிடும். வறுக்காமல் எடுத்த எண்ணெயில் பாதிக்கு மேல் அமிலம், வறுத்ததில் பாதிக்கு மேல் கார்டனால். பெயின்ட்டுக்கும் பிரேக் லைனிங் பிசினுக்கும் போகிற சரக்கு அது. ஆய்வு நடந்தது ஒன்றில், நீங்கள் தடவச் சொல்வது வேறொன்றை.

பட்டைச்சாறு: கொஞ்சமாவது மிஞ்சாதா? தடவிக் குணமானவர்கள் எல்லாம் பொய்யர்களா?

சோதனைக்குழாய்: மிஞ்சும் கொஞ்சத்தோடு கார்டால் என்ற இன்னொரு பொருளும் இருக்கும். அது தோலைப் பொசுக்கும். வட அமெரிக்காவின் விஷப் படர்கொடியில் இருக்கும், தோலைக் கொப்புளிக்க வைக்கும் உருஷியாலின் உறவு அது. மரு உதிர்ந்தது மருந்தாலா, தோல் வெந்ததாலா? முதலில் இதைச் சொல்லுங்கள்: வறுத்ததா, வறுக்காததா?

வேடிக்கைமணி: வந்துவிட்டார். யாரும் கேட்பதற்கு முன்னால் முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டு. போன மாதம் வேப்பெண்ணெய்க்கும் இதே பாடம்தான் நடத்தினார்.

சோதனைக்குழாய்: வேப்பெண்ணெய் விவாதத்தில் என் கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஓடியவர்கள் பட்டியல் என்னிடம் இருக்கிறது. உங்கள் பெயர்தான் முதலில்.

பட்டைச்சாறு: சேராங்கொட்டையும் இதே குடும்பம்தானே? சித்த மருத்துவத்தில் அதைச் சுத்தி செய்து உள்ளுக்கே கொடுக்கிறார்கள். தொட்டால் கொப்புளிக்கும் பொருளையே மருந்தாக்கத் தெரிந்தவர்களுக்கு ஓட்டெண்ணெய் ஒரு விஷயமா?

சோதனைக்குழாய்: சரி, அந்தச் சுத்தியை எதற்குச் செய்கிறார்கள்? நஞ்சைக் குறைக்க. நீங்கள் வெடித்த காலில் நேராகத் தடவச் சொல்கிறீர்கள். மாமரமும் இதே குடும்பம்தான், மாம்பாலையும் தடவிவிடலாமா? சர்க்கரைக்கு இலை என்றீர்களே, அதற்கும் வருகிறேன். 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், தசைச் செல்களைச் சர்க்கரையை உறிஞ்சவைத்தது பருப்பின் சாறு மட்டும்தான். இலையும் பட்டையும் அதில் ஒன்றும் செய்யவில்லை.

பட்டைச்சாறு: எலிகளுக்கு இலைச்சாறு கொடுத்துச் சர்க்கரை குறைந்த ஆய்வுகளும் இருக்கின்றன. அவை உங்கள் கண்ணில் படாது. அப்புறம், பருப்புச் சாறு வேலை செய்தது என்று நீங்களே எழுதியாயிற்று. முந்திரியில் மருந்து இருக்கிறது என்றுதானே நானும் சொன்னேன்?

சோதனைக்குழாய்: தட்டில் வளர்த்த செல்லும் எலியும் நோயாளி ஆகாது. நீங்கள் சொன்னது ஓட்டெண்ணெயை. வறுத்ததா, வறுக்காததா? மூன்று பதிவாக நழுவுகிறீர்கள்.

வேடிக்கைமணி: நீதிமன்றத்தில் சாட்சியைக் கேட்பதுபோல் இருக்கிறது.

பட்டைச்சாறு: இளஞ்சூட்டில் வறுத்தது. போதுமா?

சோதனைக்குழாய்: இளஞ்சூட்டில் ஓடு எண்ணெயைக் கக்காது. கக்குகிற சூட்டில் அமிலம் நிற்காது. இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பட்டைச்சாறு: அடுப்புப் பக்கம் போகாதவரிடம் சூட்டைப் பற்றி நான் பேசுவதாக இல்லை.

நிழல்மரம்: ஏன் இவ்வளவு சண்டை? பழத்தைப் பேசுவோமே. முந்திரிப் பழத்தில் ஆரஞ்சைவிட வைட்டமின் சி அதிகம், யாருக்கும் கொப்புளமும் வராது.

சோதனைக்குழாய்: அது பழமே இல்லை, பருத்த காம்பு. உண்மையான காய் கீழே தொங்கும் கொட்டை. கொப்புளம் வராது என்று யார் சொன்னது? கொட்டையைத் திருகும்போது ஓட்டின் பால் பட்டுவிட்டால்?

நிழல்மரம்: உங்களிடம் பேச வந்தது என் தப்பு.

வேடிக்கைமணி: பட்டியலில் அடுத்த பெயர் எழுதியாயிற்றா?