அல்பிரெக்ட் ஆடமின் ரஷ்யப் போர்ப் படம்: கல்லச்சா, பிரதியா?

கேள்வி (வெள்ளவத்தை):
1812இல் நெப்போலியன் ரஷ்யாமேல் படையெடுத்ததைக் காட்டும் பழைய படம் ஒன்று வீட்டில இருக்கு. கீழே 'ஆடம்' என்று பெயர். ஆள் யார்? கல்லச்சா (கல்லில் வரைந்து தாளில் அச்சடித்தது) என்று எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பதில் 1:
அல்பிரெக்ட் ஆடம், ஜெர்மன் போர்க்கள ஓவியர். பிறப்பு 1786, நேர்ட்லிங்கன். இறப்பு 1862, மியூனிக். முதலில் பழகியது மிட்டாய்த் தொழில்! 1809இல் பவேரியப் படையோடு ஆஸ்திரியப் போருக்குப் போனார். பிறகு நெப்போலியனின் வளர்ப்பு மகன் யூஜின் அவரை மிலானில் தன் அரசவை ஓவியராக்கினார். 1812இல் யூஜினின் படையோடு மாஸ்கோ வரை போய், களத்திலேயே வரைந்தார். அவைதான் 1827 முதல் கல்லச்சாக வெளிவந்தன. குதிரைகளைப் பாருங்கோ, தளபதிகளைவிட உயிரோட்டமாக இருக்கும்.

பதில் 2:
10 மடங்கு பூதக்கண்ணாடியால் சாம்பல் நிறப் பகுதியைப் பாருங்கோ. வரிசையான புள்ளிகள் என்றால் பிற்காலப் பிரதி. மணல் தூவினது போல ஒழுங்கற்ற துகள் என்றால் கல்லச்சாக இருக்கலாம். படத்தைச் சுற்றித் தகடு அழுத்திய பள்ளம் இருந்தால் அது பெரும்பாலும் செப்பு போன்ற உலோகத்தகட்டு அச்சு, கல்லச்சு அல்ல.

பதில் 3:
பிரேமையும் கழற்றிப் பாருங்கோ. பின்னால ஹார்ட்போர்ட் இருந்தால் மாற்றவேணும். அமிலம் ஊறித் தாள் பழுப்பாகும். கண்ணாடி தாளில் முட்டினால் கொழும்புப் புழுக்கத்தில் பூஞ்சணம் பிடிக்கும், இடையில் அமிலமற்ற மட்டை வையுங்கோ. பழுப்புப் புள்ளிக்கு ப்ளீச் போடாதேங்கோ, தாளே நொறுங்கிப்போகும்.