அம்மாவின் வாக்காளர் அட்டையைக் காணோம், நாளை மறுநாள் ஓட்டு. பூத் சிலிப் போதுமா?

புதுவீடு:
போன மாதம் வீடு மாறிய களேபரத்தில் அம்மாவின் வாக்காளர் அட்டை எங்கே போனதென்றே தெரியவில்லை. பட்டியலில் பெயர் இருக்கிறது, பூத் சிலிப்பும் வந்துவிட்டது. அதையும் ரேஷன் கார்டையும் கொண்டுபோனால் விடுவார்களா? ஆதார் இருக்கிறது, ஆனால் அதில் பழைய ஊர் முகவரி. பெயரும் அதில் ‘சரஸ்வதி’, பட்டியலில் ‘சரசுவதி’. அம்மா இப்போதே “நான் வரலப்பா, திருப்பி அனுப்பிட்டா அசிங்கம்” என்கிறார்.

வேப்பமரம்:
சிலிப் போதும்ங்க. 2014ல் நான் அப்படித்தான் போட்டேன்.

ஓய்வு டீச்சர்:
வேப்பமரம் சார், அது அப்போ. 2019 மக்களவைத் தேர்தலில் இருந்து சிலிப்பை மட்டும் காட்டி ஓட்டுப் போட முடியாது. பாகம் எண், வரிசை எண் தேட அது உதவும், அவ்வளவுதான். ரேஷன் கார்டும் ஆணையத்தின் பட்டியலில் இல்லை.

தம்பி, ஆதாரையே எடுத்துப் போங்கள். இல்லையென்றால் பான் கார்டு, டிரைவிங் லைசென்ஸ், பாஸ்போர்ட், நூறு நாள் வேலை அட்டை, போட்டோ ஒட்டிய வங்கி அல்லது தபால் நிலைய பாஸ்புக், போட்டோ உள்ள பென்ஷன் ஆவணம், இதில் ஏதாவது ஒன்று.

முகவரியை நினைத்துப் பயப்படாதீர்கள். சில தேர்தல்களில் முதல் வாக்குப்பதிவு அலுவலராக உட்கார்ந்திருக்கிறேன். எங்களுக்குத் தெரிய வேண்டியது, எதிரில் நிற்பவர் பட்டியலில் உள்ள அதே ஆள்தானா என்பது மட்டும்தான். எந்தத் தெருவில் குடியிருக்கிறார் என்பதல்ல. ‘ஸ்’, ‘சு’ போன்ற எழுத்துப் பிழைக்காக யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. பெயரைச் சத்தமாக வாசிப்போம். ஏஜென்ட் யாராவது ‘இவர் அவரில்லை’ என்று ஆட்சேபித்தால் 2 ரூபாய் கட்டச் சொல்லி, தலைமை அலுவலர் அங்கேயே விசாரிப்பார். காசு கட்டணும் என்றதுமே பாதிப் பேர் உட்கார்ந்துவிடுவார்கள்!

மொட்டைமாடி:
ஆதார் போனில் இருக்கு, அதைக் காட்டலாமா?

ஓய்வு டீச்சர்:
போனை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். அட்டையைக் கையில் எடுத்துப் போங்கள்.

வேப்பமரம்:
சரி டீச்சர், தவறாகச் சொல்லிவிட்டேன். ஆனால் அட்டை பத்திரமாக இருந்தும் பட்டியலில் பெயர் இல்லாமல் எங்கள் தெருவில் ஒருவர் திரும்பி வந்தாரே?

ஓய்வு டீச்சர்:
அதுதான் பெரிய வேதனை. அட்டை தொலைந்தால் வேறு ஆவணம் காட்டலாம். பெயர் நீங்கியிருந்தால் எந்த அட்டையும் உதவாது. 1950க்கு போன் செய்து முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். பெயர் இருந்து, யாரோ முந்திக்கொண்டு உங்கள் ஓட்டைப் போட்டிருந்தால் ‘டெண்டர் ஓட்டு’ கேளுங்கள். வாக்குச்சீட்டில் போடச் சொல்லி உறையில் தனியாக வைப்பார்கள். வழக்கமான எண்ணிக்கையில் அது சேராது, ஆனாலும் கேட்காமல் திரும்பாதீர்கள்.

புதுவீடு:
போட்டாச்சு! ஆதாரைப் பார்த்தார்கள், கணவர் பெயரைக் கேட்டார்கள், எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டார்கள். ஏஜென்ட் யாரும் வாயைத் திறக்கவில்லை. பழைய அட்டை இன்னும் கிடைக்கவில்லை. மாற்று அட்டைக்கு என்ன படிவம்?

ஓய்வு டீச்சர்:
படிவம் 8. புது முகவரிக்கும் அதே படிவம்தான். அந்த ‘சு’வையும் மாற்றச் சொல்லிவிடுங்கள்.