கம்பிச் சிற்பங்களையும் நகைகளையும் ஒரே கூடத்தில் காட்சிக்கு வைக்கலாமா?

கேள்வி – கோவைக் கம்பி

வணக்கம். நான் கோவையில் செம்பு, பித்தளைக் கம்பிகளைக் கொண்டு நகைகளும் சிற்பங்களும் செய்துவருகிறேன். அப்பா ராஜ வீதிப் பக்கம் பட்டறை வைத்திருந்த, நகை செய்யும் பத்தர் என்பதால், குறடும் அரமும் எனக்குச் சிறு வயதிலேயே கைக்கு வந்துவிட்டன. தங்கத்தில் வேலை செய்ய முதலும் இல்லை, மனமும் இல்லை. எங்கள் ஊரில் மோட்டார் வைண்டிங் கடைகளுக்குப் பஞ்சமில்லை. எரிந்துபோன மோட்டாரிலிருந்து உருவிய செம்புக் கம்பியை எடைக்கு வாங்கித்தான் தொடங்கினேன்.

அடுத்த மாதம் உள்ளூர்க் கலைக்கூடம் ஒன்றில் இரண்டு வாரங்களுக்கு என் முதல் தனிக்காட்சி நடக்க இருக்கிறது. 11 சிற்பங்களும் ஏறத்தாழ 60 நகைகளும் தயாராக உள்ளன. சிற்பங்களில் பெரியது நான்கடி உயரமுள்ள ஒரு கொக்கு. 1.2 மில்லிமீட்டர் கம்பியில் சுமார் 70 மீட்டர் அதற்குப் பிடித்தது. அலகிலிருந்து தோள் வரை ஒரே கம்பி, எங்கும் வெட்டவில்லை. நின்ற நிலையில் தலையைச் சற்றுத் தாழ்த்தியிருப்பதால் அலகு நுனி ஒரு சிறு பிள்ளையின் கண் மட்டத்துக்கு வருகிறது.

கலைக்கூடத்தை நடத்துபவர் சிற்பங்களைக் கூடத்தில் வைக்கலாம் என்றும், நகைகளை வாசலில் ரசீது போடும் மேசையின் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிடலாம் என்றும் சொல்கிறார். நகையை உள்ளே கொண்டுவந்தால் பொருட்காட்சிக் கடை போல ஆகிவிடும் என்பது அவர் அச்சம். அவர் நல்ல மனிதர். கூடத்துக்கு வாடகைகூடக் கேட்கவில்லை. ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை, ஏனென்றால் அந்தக் கொக்கின் கண், நான் மூன்று ஆண்டுகளுக்கு முன் செய்த ஒரு மூக்குத்தியின் சுழி. மூக்குத்திதான் முதலில் வந்தது, கொக்கு பிறகுதான் வந்தது. இரண்டையும் பிரித்து வைத்தால் அது யாருக்குத் தெரியப்போகிறது?

நான் கேட்பது இதுதான்: நகைகளையும் சிற்பங்களையும் சேர்த்து வைப்பது முறையாகுமா? செம்பு கறுத்துப்போகாமல் இரண்டு வாரம் காப்பது எப்படி? கொக்கை எப்படி விலை சொல்வது? வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "செம்பு கிலோ என்ன விலைக்குப் போகிறது?" என்று கேட்டார்.

பதில் 1 – சென்னையிலிருந்து ஓர் ஓவிய ஆசிரியர்

உங்கள் கேள்வி புதியதல்ல. கம்பிச் சிற்பம் என்றதும் முதலில் நினைவுக்கு வரும் அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர், வாழ்நாளில் ஏறத்தாழ 1,800 நகைகளைச் செய்தவர். சிறுவனாக இருந்தபோது தெருவில் கிடந்த செம்புக் கம்பித் துண்டுகளைப் பொறுக்கிவந்து தன் அக்காவின் பொம்மைகளுக்கு நகை செய்தாராம். நீங்கள் வைண்டிங் கடையில் தொடங்கியதைப் படித்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது. 1919இல் இயந்திரப் பொறியியலில் பட்டம் பெற்றவர், 1926இல் பாரிசுக்குப் போய், நடனக் கலைஞர் ஜோசபின் பேக்கரின் உருவத்தைக் கம்பியால் உருவாக்கினார். 1928இல் நியூயார்க்கின் வெய்ஹே கலைக்கூடத்தில் அவருடைய கம்பி உருவங்களின் தனிக்காட்சி நடந்தது. 1940 டிசம்பரில் அதே நகரின் வில்லர்ட் கலைக்கூடம் அவருடைய நகைகளுக்கென்றே ஒரு காட்சி நடத்தியது. அவர் நகைகளில் பற்றவைப்பு அரிது. கம்பியைச் சுத்தியலால் தட்டையாக்கி, வளைத்து, பிணைத்து, தேவைப்பட்ட இடத்தில் தறை (ரிவெட்) அடித்துச் சேர்ப்பார். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் அவருடைய பித்தளைக் கழுத்தணி ஒன்று தோள்களையும் தாண்டி விரிந்து நிற்கும். அதை அணிந்தவர் அருகே யாரும் எளிதில் நெருங்க முடியாது. "பொறாமைக்காரக் கணவன்" என்று அதற்குப் பெயர் வைத்தது வேடிக்கைக்காக மட்டும் அல்ல என்று நினைக்கிறேன். அதை நகை என்பதா, சிற்பம் என்பதா?

1946இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் கையால் செய்த நவீன நகைகளுக்குத் தனிக்காட்சி நடத்தியபோது, கால்டரோடு ஹாரி பெர்டோயாவின் நகைகளும் அதில் இருந்தன. பெர்டோயா, அமெரிக்காவின் கிரான்புரூக் கலைக்கழகத்தின் உலோகப் பட்டறையில் ஆசிரியராக இருந்தவர். போர்க்காலத்தில் உலோகத்துக்குத் தட்டுப்பாடு வந்ததால் சிறிதளவு உலோகமே தேவைப்படும் நகைகளின் பக்கம் கையைத் திருப்பினார். பிறகு 1950களில் அவர் செய்த கம்பி நாற்காலிகளும், அதற்கும் பின்னாளில் செய்த, தட்டினால் ஒலிக்கும் கம்பிச் சிற்பங்களும் அந்த நகைப் பட்டறையில் பழகிய கையிலிருந்து வந்தவைதாம். உங்கள் மூக்குத்தியிலிருந்து கொக்கு வந்ததைப் போல.

நம் ஊரிலும் இந்தப் பிரிவினை உறுதியாக இருந்ததில்லை. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய சென்னைக் கலைப் பள்ளியே பின்னாளில் கலை மற்றும் கைவினைக் கல்லூரி என்று இரண்டையும் சேர்த்துத்தான் பெயர் பெற்றது. அதன் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் 1966இல் சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமம் உருவானபோது, ஓவியர்களும் சிற்பிகளும் பாத்திக் துணி முதலான கைவினைப் பொருட்களை விற்ற பணம்தான் நிலம் வாங்க உதவியது. சிற்பி பி.வி. ஜானகிராம் செப்புத் தகட்டைத் தட்டி, அதன்மேல் கம்பியைப் பற்றவைத்துச் செய்த உருவங்கள் கோயில் கவசங்களைப் போல முன்பக்கம் பார்த்து நிற்பவை. அவற்றின் அழகில் பாதி, நகைவேலையின் அழகுதான்.

ஆகவே என் பதில்: தயங்காமல் சேர்த்து வையுங்கள். அறுபதையும் அல்ல; பத்துப் பன்னிரண்டு போதும். எந்தச் சிற்பத்துக்கு எந்த நகை தாயோ, அதை மட்டும் அதன் அருகே வையுங்கள்.

வெளிச்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கம்பிச் சிற்பத்துக்கு அதன் நிழல்தான் மறுபாதி. கூரையில் நான்கு குழல்விளக்குகள் எரிந்தால் நிழல் கரைந்துவிடும். வெள்ளைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி நிறுத்தி, பக்கவாட்டிலிருந்து ஒரே ஒரு குவிவிளக்கைப் பாய்ச்சிப் பாருங்கள். தொங்கவிடும் சிற்பங்களைத் தூண்டில் நரம்பில், சுழலும் கொக்கி வைத்துக் கட்டினால், ஆள் நடக்கும் காற்றுக்கே திரும்பும். சுவரில் நிழலும் கூடவே திரும்பும்.

பதில் 2 – புதுச்சேரியிலிருந்து ஒரு மட்பாண்டக் கலைஞர்

ஆசிரியர் சொன்ன வரலாற்றில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கால்டருக்கு நடந்தது நமக்கும் நடக்கும் என்று நம்பி நான் சூடுபட்டிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கூடத்தில் என் பெரிய சுடுமண் உருவங்களோடு தேநீர்க் கோப்பைகளையும் வைத்தேன். தொடக்க நாள் மாலையிலேயே கோப்பைகள் தீர்ந்துவிட்டன; வந்தவர்கள் உருவங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கோப்பைகளைத் திருப்பி அடியில் விலைச்சீட்டைத் தேடினார்கள். உருவங்கள் ஒன்பதும் வீட்டுக்குத் திரும்பின. கோப்பை விற்ற பணத்தில் கூடத்தின் பங்கு போக, வண்டி வாடகைக்குச் சரியாக இருந்தது.

காரணம் மக்களின் ரசனைக் குறைவு என்று நான் சொல்லமாட்டேன். எண்ணூறு ரூபாய்ப் பொருள் பக்கத்தில் இருந்தால் நாற்பதாயிரம் ரூபாய்ப் பொருளை நிதானமாகப் பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது, ஏனென்றால் கை ஏற்கெனவே பைக்குப் போய்விட்டது. எனவே உங்கள் கலைக்கூடக்காரர் சொல்வதை முழுக்கத் தள்ளிவிடாதீர்கள். கூடத்துக்குள் வைக்கும் நகைகளை விற்பனைக்கு அல்ல என்று அறிவித்துவிடுங்கள். விற்பவை வாசலிலேயே இருக்கட்டும்.

விலையைப் பொறுத்தவரை, உறவினருக்கு நான் பதில் சொல்கிறேன். 1.2 மில்லிமீட்டர் செம்புக் கம்பி மீட்டருக்குச் சுமார் 10 கிராம். 70 மீட்டர் என்றால் 700 கிராம். எடைக்குப் போட்டால் சில நூறு ரூபாய்தான் கிடைக்கும். ஆனால் எத்தனை நாள் அமர்ந்தீர்கள் என்பதைக் குறித்து வைத்திருப்பீர்கள் அல்லவா? ஒரு நாள் கூலியை நீங்களே நிர்ணயித்து, அதோடு கெட்டுப்போன முயற்சிகளின் நாட்களையும் கூட்டி, கூடத்தின் பங்கு போக அந்தத் தொகை கைக்கு வருமாறு விலை வையுங்கள். பங்கு எவ்வளவு என்பதை முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றிலொரு பங்கிலிருந்து பாதி வரை கேட்பவர்கள் உண்டு. வாடகை கேட்காதவர் பங்கைக் கூட்டிக் கேட்கலாம்.

பதில் 3 – ஓய்வுபெற்ற பத்தர், திருப்பூர்

அம்மணி, கலை எது, கைவினை எது என்ற வழக்கை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நான் பட்டறைச் சங்கதிகளை மட்டும் சொல்கிறேன்.

வைண்டிங் கம்பியில் எனாமல் பூச்சு இருக்கும். அதைப் பூச்சோடு நெருப்பில் காட்டினால் வரும் புகை நெஞ்சுக்கு ஆகாது; உப்புத்தாளால் சுரண்டியெடுத்த பிறகே காய்ச்சுங்கள். செம்பு இரும்பைப் போல அல்ல. மங்கிய சிவப்பு வரும் வரை காய்ச்சித் தண்ணீரில் போட்டால் இளகும். வளைக்க வளைக்க இறுகும். ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் வளைத்தால் முறியும் என்பதை அப்பாவிடம் பார்த்திருப்பீர்கள். கொக்கின் கழுத்து தொய்யாமல் நிற்கிறது என்றால், வளைத்த பிறகு நீங்கள் அதைக் காய்ச்சவில்லை என்று பொருள்; அப்படியே விட்டுவிடுங்கள்.

கறுப்புக்கு மருந்து கேட்டிருந்தீர்கள். முதல் எதிரி, தொட்டுப் பார்ப்பவர்களின் விரல் வியர்வை. இரண்டாவது எதிரி நாமே: வெங்காரம் போட்டு ஊதிப் பற்றவைத்த இடத்தைப் புளித்தண்ணீரில் கழுவிவிட்டு, சுழிக்குள் தங்கிய புளிப்பை அப்படியே விட்டுவிடுகிறோம், சில நாட்களில் அங்கே பச்சை பூக்கும். புளிக்குப் பிறகு சமையல் சோடா கரைத்த நீரில் ஒருமுறை, பூந்திக்கொட்டை நுரையில் ஒருமுறை, பிறகு நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் முழுக்கக் காயவைக்க வேண்டும். சிற்பத்துக்கு லாக்கர் என்ற நிறமில்லாத மேற்பூச்சை மெல்லியதாகப் பூசலாம். நகைக்கு லாக்கர் வேண்டாம், உடம்பில் உரசி உரிந்துவிடும். தேன்மெழுகை லேசாகச் சூடாக்கித் துணியால் தேய்த்தால் போதும்.

காதிலும் மூக்கிலும் நுழையும் தண்டைச் செம்பில் செய்யாதீர்கள். 92.5 வெள்ளியில் செய்து பற்றவைக்கும் பொடி வைத்து ஊதிச் சேர்த்துவிடுங்கள். பச்சை படிந்த காதோடு ஒருவர் திரும்பி வந்தால், காட்சியில் கிடைத்த பெயர் அத்தோடு போயிற்று.

கம்பி முனைகளைச் சோதிக்க, பழைய பருத்திப் புடவைத் துண்டு ஒன்றை நகையின்மேல் இழுத்துப் பாருங்கள். ஒரு நூல் சிக்கினாலும் அங்கே அரம் போட வேண்டும். நாளைக்கு அணிபவரின் முடியும் முந்தானையும் அதே இடத்தில்தான் சிக்கும்.

புதுச்சேரி அம்மாவுக்கு ஒன்று: விற்பனைக்கு அல்ல என்று எழுதி மூக்குத்தியை மேடையில் ஏற்றினால், அது மூக்கைப் பார்க்காத மூக்குத்தி ஆகிவிடும். ஒரே ஒரு நகையையாவது எடுத்து அணிந்து பார்க்க விடுங்கள். பக்கத்தில் ஒரு கண்ணாடி இருக்கட்டும்.

மறுமொழி – கோவைக் கம்பி

அனைவருக்கும் நன்றி. நேற்று கலைக்கூடத்துக்குப் போய் நீண்ட நேரம் பேசினேன். கால்டரின் நகைகளுக்கென்றே 1940இல் ஒரு கலைக்கூடம் காட்சி நடத்தியது என்றதும் அவர் கொஞ்சம் இறங்கிவந்தார். மட்பாண்டச் சகோதரியின் ஒன்பது உருவங்கள் வீட்டுக்குத் திரும்பிய கதையைச் சொன்னதும் மீண்டும் ஏறிக்கொண்டார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

முடிவில், 12 நகைகள் கூடத்துக்குள் வருகின்றன. அவை அந்த இரண்டு வாரமும் விற்பனைக்கு இல்லை, மற்றவை வாசலில். மூக்குத்தி மட்டும் கொக்கின் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டி இல்லாமல் ஒரு சிறிய மரத்துண்டில் நிற்கும். பத்தர் ஐயா சொன்னபடி அணிந்து பார்ப்பதற்கென்று பெரிய கைவளை ஒன்றையும், அதன் எதிரே ஒரு கண்ணாடியையும் வைக்கிறேன். மூக்குத்தியைப் பலர் அணிந்து பார்ப்பது சுகாதாரமாக இருக்காது என்பதால் வளை. பங்கு மூன்றிலொன்று என்று எழுதி வாங்கிவிட்டேன். கொக்குக்கு 34 நாள் கூலி போட்டிருக்கிறேன். கெட்டுப்போன முதல் இரண்டு கழுத்துகளின் நாட்களும் அதில் அடக்கம்.

விளக்கை நேற்றே சோதித்தோம். ஒரு விளக்கு மட்டும் எரிந்தபோது, கொக்கின் நிழல் சுவரில் கொக்கைவிடப் பெரிதாக விழுந்தது. மூக்குத்தியின் நிழலும் ஓரத்தில் ஒரு சுழியாக விழுந்தது. இரண்டு சுழிகளும் ஒன்றே என்று நான் சொல்லாமலேயே கலைக்கூடத்துக்காரர் கவனித்தார்.

பதில் 4 – ஓய்வுபெற்ற பத்தர், திருப்பூர்

நல்லது, அம்மணி. வளையின் பூட்டை இறுக்கமாக வையுங்கள், பலர் கை பட்டுத் தளரும். கொக்கின் அலகு நுனியையும் இன்னொரு முறை அரத்தால் மழுக்கி, முடிந்தால் முனையைச் சிறு வளையமாக உள்ளே மடக்கிவிடுங்கள். பிள்ளைகளின் கண் மட்டத்துக்கு வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.